கொய்லோசைட்: 'குடைவணு' என ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

கருப்பைவாய்த் தடவல் சோதனை (பாப் சோதனை) அறிக்கைகளில் இடம்பெறும் 'கொய்லோசைட்' (koilocyte) என்பது, மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொற்றால் உருமாறிய உயிரணுவைக் குறிக்கும். இதற்குத் தமிழில் 'ஒளிவட்ட உயிரணு' என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவதை அச்சொல் எளிதாகச் சொல்கிறது என்றாலும், நோயறிதலில் அது படிப்பவரைத் தடம் மாற்றிவிடும் என்று கருதுகிறேன்.

இவ்வைரஸ் தொற்றிய செதிள் உயிரணுவை (மேற்பரப்பிலுள்ள தட்டையான உயிரணுவை), இச்சோதனைக்குரிய பாப்பனிகோலா சாயமிட்டுப் பார்த்தால், உட்கரு பெருத்து, கருமை கூடி, அதன் ஓரம் உலர்ந்த திராட்சையைப் போலச் சுருக்கம் விழுந்திருக்கும். சில உயிரணுக்களில் உட்கரு இரண்டாகவும் இருக்கும். உட்கருவைச் சூழ்ந்து ஒரு வெளிறிய இடைவெளியும், வெட்டிவிட்டாற்போன்ற கூரிய விளிம்பும், விளிம்புக்கு அப்பால் தடித்து ஒதுங்கிய சைட்டோபிளாசமும் (உட்கருவுக்கு வெளியே உயிரணுவை நிரப்பியுள்ள பொருளும்) தெரியும். கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுப்பொருள் மிகுந்த இயல்பான உயிரணுவிலும், டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் அழற்சியிலும்கூட வெளிறிய வட்டம் தோன்றுவதுண்டு. ஆனால் வைரஸுக்குரிய உட்கரு மாற்றங்கள் அவற்றில் இரா. ஆகவே வட்டத்தை மட்டும் பெயராக்கினால் இம்மூன்றும் ஒன்றெனத் தோன்றிவிடும். 'நுண்குமிழ் உயிரணு' என்பதும் ஏற்றதன்று. அந்த இடைவெளி சவ்வு சூழ்ந்த நுண்குமிழ் அன்று.

1956இல் காஸ், டர்ஃபீ என்ற ஆய்வாளர்கள் இவ்வுயிரணுக்களை விவரித்தபோது, உட்குழிந்தது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே எடுத்தாண்டனர். வைரஸுடனான தொடர்பு 1976இல்தான் முன்வைக்கப்பட்டது. நேர்ப்பொருளில் 'குழியணு' எனலாம். ஆனால் இலங்கைத் தமிழில் செங்குழியம், வெண்குழியம், குழியவுரு என்று 'குழியம்' உயிரணுவையே குறித்து வேரூன்றிவிட்டதால், அங்குள்ள மாணவர்களுக்கு அது குழப்பத்தையே தரும்.

எனவே 'குடைவணு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். குடைவரை என்ற சொல் நமக்குப் பழக்கமானது. உள்ளிருந்து அகற்றப்பட்ட வெற்றிடத்தையும் கூர்மையான விளிம்பையும் 'குடைவு' ஒருங்கே உணர்த்துகிறது. சிவப்பணு, வெள்ளையணு என்பவற்றின் வரிசையிலும் இயல்பாகப் பொருந்துகிறது. உயிரணுக்கள் இவ்வாறு மாறுவதைக் குறிக்கும் கொய்லோசைட்டோசிஸ் என்பதைக் 'குடைவணு மாற்றம்' எனலாம். பெயரோடு உட்கரு மாற்றத்தையும் வரையறையில் கட்டாயம் எழுத வேண்டும்.

மற்றொரு நண்பர் கேட்டதுபோல் 'புற்று' என்ற சொல்லை இதில் சேர்ப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். கருப்பைவாய்த் தடவல் முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்தா (Bethesda) முறையில் இம்மாற்றம் தாழ்நிலைப் பிறழ்ச்சியாகவே வகைப்படுத்தப்படுகிறது. பெரும்பாலானவை உடலின் எதிர்ப்பாற்றலாலேயே மறைந்துவிடுகின்றன. உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 (p53), ஆர்பி (Rb) என்ற நம் புரதங்களில், வைரஸின் ஈ6 (E6) புரதம் முன்னதை அழிக்க, ஈ7 (E7) புரதம் பின்னதை முடக்க, பிறழ்ச்சி உயர்நிலைக்கு முற்றும்போது குடைவணுக்கள் அருகிப்போவதும், பி16 (p16) என்ற புரதத்தைக் காட்டும் சாயம் திசுவில் அடர்ந்து பிடிப்பதும் வழக்கம். அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு இல்லாத நோயை ஒரு கலைச்சொல் சூட்டிவிடக் கூடாது.

உயிரணுவைக் 'கலம்' என்னும் இலங்கை வழக்கில் 'அணு' என்ற ஈறு இடறுமாயின் 'குடைவுக் கலம்' என்பதும் எனக்கு உடன்பாடே. அங்குள்ள நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.