இரவு வேலை ஏன் விடியும்வரை ஓடியது: பணிச்சுமையை அளந்த அனுபவங்கள்

உறுப்பினர், வெள்ளவத்தை

ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் தரவுப் பிரிவில் 2022இல் எனக்கு நேர்ந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன். நாடெங்கும் உள்ள கிளைகளின் பற்றுச்சீட்டுகள் நள்ளிரவுக்குப் பின்னர் எங்களிடம் வந்து சேரும். அதிகாலை 1 மணிக்கு, பெரிய தரவைப் பல இயந்திரங்களில் பகிர்ந்து கணிக்கும் ஸ்பார்க் என்ற மென்பொருளில் ஒரு பெரிய வேலை தொடங்கி, கிளை வாரியாகவும் வாடிக்கையாளர் வாரியாகவும் கணக்கெடுத்து, 6 மணிக்குள் முகாமையாளர்களுக்கான அறிக்கையைத் தயார் செய்துவிட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிந்த அந்த வேலை, மாதங்கள் செல்லச் செல்ல மூன்று மணி நேரமாகி, நான்கு மணி நேரத்தைத் தாண்டி, மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை 8.40 வரை முடியவில்லை. கிளைகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிட்டன.

எங்களிடம் இருந்த கண்காணிப்புத் திரையில் இரண்டு எண்கள் மட்டுமே இருந்தன. ஒன்று, வேலை ஓடிய மொத்த நேரம். மற்றையது, எல்லா இயந்திரங்களினதும் சராசரி சிபியு பயன்பாடு. அந்தச் சராசரி 31 சதவீதத்தைக் காட்டியது. இயந்திரங்களுக்கு வேலையே இல்லை என்று ஒருவர் சொன்னார். வேலை கூடிவிட்டது, இயந்திரங்களைக் கூட்டுங்கள் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் அதே இரண்டு எண்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள். இறுதியில் 16 இயந்திரங்களை 32 ஆக்கினோம். மறுநாள் வேலை 11 நிமிடங்கள் மட்டுமே முந்தி முடிந்தது.

அந்தக் காலத்தில் இது சிறிய விடயமன்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்திருந்தது. எங்கள் இயந்திரங்கள் சிங்கப்பூரில் ஓடின, கட்டணமோ டொலரில் வந்தது. ஒன்றுமே மாறாத ஒரு வேலைக்குக்கூட ரூபாவில் ஏறத்தாழ இரு மடங்கு செலுத்திக்கொண்டிருந்த நிலையில், பயனில்லாமல் இயந்திரங்களை இரட்டிப்பாக்கியது எனக்குப் பெரும் மனவருத்தத்தைத் தந்தது.

அடுத்த இரவு நான் உறங்கவில்லை. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே 4040 ஆம் போர்ட்டில் திறக்கும் ஸ்பார்க்கின் கண்காணிப்புப் பக்கத்துக்குள் சென்று, மிக நீண்ட ஸ்டேஜ், அதாவது வேலையின் கட்டம், எது என்று தேடிப் பார்த்தேன். அதற்குள்ளே ஒரு சிறிய அட்டவணை உண்டு. ஒரு ஸ்டேஜின் சிறு கூறுகளான டாஸ்க்குகள் எடுத்த நேரத்தின் மிகக் குறைந்த அளவு, கால் பங்கு, இடையம் (வரிசையின் நடுவிலுள்ள அளவு), முக்கால் பங்கு, மிகக் கூடிய அளவு என்று ஐந்து நிரல்கள் அதில் இருக்கும். அந்த இரவு இடையம் 40 செக்கன் என்றும், மிகக் கூடிய அளவு 1 மணி 52 நிமிடம் என்றும் காட்டியது. அங்கிருந்த 200 டாஸ்க்குகளில் 199 சில நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. மிஞ்சிய ஒன்றுக்காக இயந்திரங்களின் மற்ற எல்லாக் கணிப்பு அலகுகளும், அதாவது கோர்களும், கை கட்டிக் காத்திருந்தன. இயந்திரங்களுக்கிடையே தரவை மாற்றிப் பகிரும் ஷஃபிளின் பின்னர் அதை 200 பகுதிகளாகப் பிரிப்பது ஸ்பார்க்கின் இயல்பான அமைப்பு. ஒரு பகுதியை ஒரு டாஸ்க், ஒரே கோரில்தான் செய்து முடிக்கும். ஆகவே எத்தனை இயந்திரங்களைக் கூட்டினாலும் அந்த ஒரு டாஸ்க்கின் நேரம் குறையப் போவதில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் ஒரு நாள் எடுத்தது. வாடிக்கையாளர் அட்டை இல்லாமல் பொருள் வாங்குபவர்களின் பற்றுச்சீட்டுகளில் வாடிக்கையாளர் இலக்கம் 0 என்று பதிவாகியிருந்தது. வாடிக்கையாளர் அட்டவணையுடன் இணைக்கும்போது ஒரே இலக்கத்தைக் கொண்ட வரிகள் யாவும் ஒரே பகுதிக்குப் போய்ச் சேரும். அட்டை இல்லாத விற்பனை முழுவதும், நாடெங்கிலுமிருந்தும், அந்த ஒரு டாஸ்க்கின் தலையில் விழுந்திருந்தது. புதிய கிளைகள் திறக்கத் திறக்க அந்தச் சுமையும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வரிகளுக்கு இணைப்பே தேவையில்லை என்பதால், அவற்றை முன்னரே பிரித்தெடுத்து, இணைப்பு முடிந்த பின்னர் மீண்டும் சேர்த்தோம். வேலை 55 நிமிடங்களில் முடிந்தது; இயந்திரங்களையும் பழையபடி 16 ஆகக் குறைத்தோம்.

நாங்கள் அப்போது வைத்திருந்தது ஸ்பார்க்கின் 2.4 பதிப்பு. இத்தகைய ஏற்றத்தாழ்வை ஓடும்போதே கண்டு பிரித்துக்கொள்ளும் வசதி 3.0 பதிப்பில் வந்து, 3.2 இலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. பகுதி அளவுகளின் இடையத்தின் ஐந்து மடங்கையும் 256 மெகாபைட்டையும் தாண்டும் பகுதியை அது சாய்ந்த பகுதி என்று கருதும். ஆயினும் அந்த வசதி இருப்பதை நம்பி அளப்பதை விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்த ஏற்றத்தாழ்வு எந்த மாதத்தில் தொடங்கியது என்று எங்களால் சொல்லவே முடியவில்லை. 4040 பக்கம் வேலை முடிந்ததும் மறைந்துவிடும். ஓட்டத்தின் பதிவைச் சேமித்து வைக்கும் அமைப்பு இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். அதை யாரும் இயக்கியிருக்கவில்லை. பல மாதங்களின் சான்று எங்கள் கண்ணெதிரே ஒவ்வோர் இரவும் அழிந்துபோயிருக்கிறது.

அதன் பின்னர் ஒரு சாதாரண அட்டவணையை உருவாக்கினோம். ஓர் ஓட்டத்துக்கு ஒரு வரி. தொடங்கியிருக்க வேண்டிய நேரம், உண்மையில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாசித்த வரிகள், ஷஃபிளில் நகர்ந்த பைட்டுகள், நினைவகம் போதாமல் வட்டில் எழுதப்பட்ட பைட்டுகள், மிக நீண்ட டாஸ்க் இடையத்தின் எத்தனை மடங்கு, பயன்படுத்திய கோர்கள், செலவு. ஓடிய நேரத்தைத் தனியே பார்த்தால் வேலை மெதுவாகிவிட்டதா அல்லது செய்ய வேண்டிய வேலையே கூடிவிட்டதா என்று பிரித்தறிய முடியாது. வாசித்த வரிகள் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கிறது. உங்களில் மற்றவர்களுக்கு எந்த அளவீடு கண்ணைத் திறந்தது என்பதை எழுதுங்கள்.

உறுப்பினர், பம்பலப்பிட்டி

நீங்கள் எழுதியதை வாசித்ததும், ஸ்னோஃபிளேக் என்ற மேகக்கணித் தரவுக் களஞ்சியத்தில் நான் செய்த ஒரு தவறான ஒப்பீடு நினைவுக்கு வந்தது. தரவைக் கேட்டெடுக்கும் ஒரு வினவலைத் திருத்தி எழுதி, திருத்துவதற்கு முன்னரும் பின்னரும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து கொடுக்கும்படி என்னிடம் கேட்டார்கள். பழையது 48 செக்கன் எடுத்தது. புதியதை முதலில் ஓட்டியபோது 30 செக்கன். உறுதி செய்வதற்காக மீண்டும் ஓட்டினேன், அரைச் செக்கனுக்குள் வந்துவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியே. மூன்றின் சராசரியை எடுத்து அறிக்கையில் போட்டுவிட்டேன். ஒரே வினவல் திரும்ப வரும்போது, அடியிலுள்ள தரவு மாறாதிருந்தால், 24 மணி நேரம்வரை சேமித்து வைத்த விடையையே அது தந்துவிடும் என்பதை நான் கருத்தில் கொள்ளவில்லை. அந்த இரண்டு ஓட்டங்களிலும் கணிப்பு எதுவுமே நடைபெறவில்லை. அறிக்கையைத் திருத்தி அனுப்பி, அன்றிலிருந்து எந்த ஒப்பீட்டுக்கும் முன்னர் சேமித்த விடையைப் பயன்படுத்தும் அமைப்பை அணைத்துவிட்டே தொடங்குகிறேன். அணைத்தாலும் இயந்திரத்தின் உள்வட்டில் தரவு தங்கியிருக்கும் என்பதால், முதல் ஓட்டத்தை வேறாகவும் பிந்திய ஓட்டங்களை வேறாகவும் எழுதி வைக்கிறேன். இரண்டையும் கலந்து ஒரு சராசரி எடுப்பதில்லை.

செலவைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்கிறேன். எங்களிடம் ஒரு திரை ஐந்து நிமிடங்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அதன் வினவல் மூன்றே செக்கனில் முடிவதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மெதுவான வினவல்களின் பட்டியலில் அது ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் உறங்கும் வேர்ஹவுஸ், அதாவது ஸ்னோஃபிளேக்கின் கணிப்பு இயந்திரத் தொகுதி, ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 செக்கனுக்குக் கட்டணம் எழும். ஒரு நாளில் 288 முறை விழித்தால் உண்மையான வேலை 15 நிமிடங்களுக்கும் குறைவு, கட்டணமோ 4 மணி 48 நிமிடங்களுக்கு. புதுப்பிக்கும் இடைவெளியை ஒரு மணி நேரமாக்கினோம். அந்தத் திரையைப் பார்ப்பவர்கள் எவரும் வேறுபாட்டை உணரவில்லை. ஒரு வினவல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுடன் அது எத்தனை முறை வருகிறது என்பதையும் பெருக்கிப் பார்க்காவிட்டால் இது அகப்படாது.

உறுப்பினர், தெஹிவளை

நாங்கள் அடிபட்டது நேரத்தாலும் நாட்காட்டியாலும்.

எங்கள் பதிவுகள் எல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். யூடிசியின் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. நமது அதிகாலை 1 மணி வேலை அங்கே முந்திய நாளின் 19.30க்குத் தொடங்கி, வழமையாக 5 மணிக்கு முன்னர் முடிவதால் ஒரே நாளுக்குள் அடங்கிவிடும். திரையோ முடிந்த நேரத்தைக் கொண்டு நாளைக் கணித்தது. ஆகையால் 5.30ஐத் தாண்டி முடிந்த ஓட்டங்கள் மட்டும், அதாவது தாமதமான ஓட்டங்கள் மட்டும், மறுநாளின் கணக்கில் விழுந்தன. தாமதமான நாளில் ஓட்டமே நடைபெறவில்லை என்று வெற்றிடம் காட்டியது. அதற்கடுத்த நாளில் இரண்டு ஓட்டங்களின் சராசரி வந்தது. நாங்கள் மிகவும் தேடிய நாட்களே திரையில் மங்கிப்போயின. தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றி அதைக் கொண்டு நாளைக் கணித்த பின்னர்தான் படம் தெளிந்தது.

மற்றையது பௌர்ணமி விடுமுறையான போயா. கடந்த கிழமையின் இதே நாளைவிட 30 சதவீதம் வேறுபட்டால் எச்சரிக்கை வர வேண்டும் என்று வைத்திருந்தோம். பௌர்ணமி ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு கிழமை நாளில் வருவதால், போயாவன்று ஓர் எச்சரிக்கையும் ஏழு நாட்கள் கழித்து இன்னோர் எச்சரிக்கையும் தவறாமல் வந்தன. ஏப்ரலில் புத்தாண்டுக்கு முந்திய நாட்களிலும், சம்பளம் வரும் 25ஆம் திகதியை ஒட்டியும் இதே கதைதான். சிறிது காலத்தில் எச்சரிக்கை வந்தாலும் யாரும் திறந்து பார்க்காத நிலை உருவாகிவிட்டது, அது எனக்குப் பெரிய அபாயமாகத் தெரிந்தது. இப்போது விடுமுறை நாட்களின் அட்டவணையை வைத்து, போயாவை முந்திய போயாவுடன் ஒப்பிடுகிறோம். மொத்த நேரத்துக்குப் பதிலாகப் பத்து இலட்சம் வரிகளுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஒப்பிடுகிறோம். மேலே வெள்ளவத்தை அக்கா எழுதிய அதே முடிவுக்குத்தான் நாங்களும் வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கிறோம்.

உறுப்பினர், கொட்டாஞ்சேனை

அக்கா, நான் பயிலுநராகச் சேர்ந்து நான்கு மாதங்கள்தான் ஆகின்றன. எங்கள் இடத்தில் ஸ்பார்க்கும் இல்லை, ஸ்னோஃபிளேக்கும் இல்லை. ஒரேயொரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில்தான் எல்லா அறிக்கைகளும் ஓடுகின்றன. அது மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எது மெதுவாக இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு ஒரு வரி என்ற முறையை இங்கே எப்படித் தொடங்குவது?

உறுப்பினர், வெள்ளவத்தை

தம்பி, உங்களிடம் தேவையான கருவி ஏற்கெனவே இருக்கிறது. போஸ்ட்கிரெஸுடன் வரும் ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற இணைப்பை இயக்கினால், ஒவ்வொரு வினவல் வகையும் எத்தனை முறை ஓடியது, மொத்தமாக எவ்வளவு நேரம் எடுத்தது, மிகக் குறைந்ததும் மிகக் கூடியதும் எவ்வளவு, தற்காலிகக் கோப்புகளில் எவ்வளவு எழுதியது என்பதை அது எண்ணிக்கொண்டே வரும். பட்டியலைச் சராசரி நேரத்தின்படி அடுக்காமல் மொத்த நேரத்தின்படி அடுக்குங்கள். பம்பலப்பிட்டி உறுப்பினர் சொன்ன மூன்று செக்கன் வினவல் போன்றவை அப்போதுதான் மேலே வரும். தற்காலிகக் கோப்புகள் கூடுதலாக இருந்தால், வரிசைப்படுத்தவும் இணைக்கவும் ஒதுக்கப்படும் நினைவகத்தைப் பாருங்கள். இயல்பில் அது 4 மெகாபைட் மட்டுமே, பெரிய அறிக்கைகளுக்கு அது போதாது. ஆயினும் ஒரே வினவலுக்குள் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் அந்த அளவைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளும் என்பதால், முழுத் தரவுத்தளத்துக்கும் ஒரேயடியாகக் கூட்டாமல் அந்த அறிக்கைக்கு மட்டும் கூட்டிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எண்கள் கடைசியாக அழிக்கப்பட்ட நாளிலிருந்து கூடிக்கொண்டே போகின்றவை. இன்றைக்கு என்ன நடந்தது என்பது அவற்றிலிருந்து நேரடியாகத் தெரியாது. எனவே மணிக்கொரு முறை முழு அட்டவணையையும் நேரத்துடன் சேர்த்து இன்னோர் அட்டவணையில் பிரதி எடுத்து வைத்து, அடுத்தடுத்த இரு பிரதிகளைக் கழித்துப் பாருங்கள். அந்த வேறுபாடுதான் உங்களுடைய ஒரு வரி.

இணைப்பை முதன்முறை இயக்கத் தரவுத்தளத்தை மீளத் தொடக்க வேண்டும், அதற்கு உங்கள் முகாமையாளரின் அனுமதி தேவைப்படும். அதே வேளையில் வட்டில் காத்திருக்கும் நேரத்தை அளக்கும் அமைப்பையும் சேர்த்தே இயக்கிவிடுங்கள். அது இயல்பில் அணைந்திருக்கும். முடியுமானால் இந்த மாதம் 25ஆம் திகதிக்கு முன்னரே செய்துவிடுங்கள், அமைதியான சில நாட்களின் எண்கள் கையில் இருந்தால்தான் சம்பள நாளின் எண்களை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். முதல் கிழமையின் எண்களை நிறுவனத்தின் விவரங்கள் இல்லாமல் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.