ஜெர்மனி அட்மிஷன்: எந்த இடத்தில் இடித்தது?

பின்பக்கம்_பார்
ஜெர்மனியில் ஒரு மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்த மாணவர், சிஜிபிஏ 7.2. பாடம், கிரெடிட் எல்லாம் பொருத்தம். பல்கலையின் பதிலில் இருந்தது ஒரே ஒரு எண், ஜெர்மன் கிரேடு: 2.68. அந்த மாஸ்டர்ஸுக்கு வரம்பு 2.5. கதவு சாத்தியாச்சு.

நம் மதிப்பெண்ணை ஜெர்மன் கிரேடாக மாற்றுவது பவேரியன் ஃபார்முலா. உச்ச மதிப்பெண்ணில் நம்முடையதைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி 1 கூட்டணும். அங்கே 1.0 முதல் தரம், 4.0 தட்டுத்தடுமாறித் தேறியது. உச்சம் 10, அதில் 7.2 போனால் 2.8. பாஸ் 5 என்றால் அதை 5-ஆல் வகுக்கிறோம், விடை 2.68. பாஸ் 4 என்றால் 6-ஆல், 2.4. அவர் படித்த கல்லூரி விதிப்படி பாஸ் 4-தான். மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் அது அச்சாகவே இல்லை, ஜெர்மனியில் 5 என்று எடுத்துக்கொண்டார்கள்.

உச்ச கிரேடு, குறைந்தபட்ச பாஸ் கிரேடு இரண்டையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முத்திரையோடு எழுதி வாங்கி, மார்க்‌ஷீட்டோடு ஒரே பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள்.

நூத்திமுப்பத்தஞ்சு
மேலே சொன்னதைப் படித்துவிட்டு எல்லோரும் "4 என்று போட்டுக் கொடுங்க சார்" என்று கல்லூரி வாசலில் போய் நிற்க வேண்டாம். விதிமுறையில் 5 இருந்தால் 5-தான். ஒரு பேப்பரில் பாஸ் ஆவதும், டிகிரி வாங்கக் கேட்கும் சிஜிபிஏவும் வேறு வேறு. கடிதத்தில் எது என்று தெளிவாக இருக்கணும்.

நெருடும் கேஸ் இது. பல்கலைகளுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக மூன்று விண்ணப்பம், முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30, ஆக 135. பேங்க் டிரான்ஸ்ஃபரில் 135 கிளம்பியது, நடுவில் இருந்த வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டது. முழுத்தொகை சேராமல் ஃபைலைத் தொட மாட்டார்கள். கடைசித் தேதியான ஜூலை 15 தாண்டியே போனது. கார்டில் கட்டுங்கள். டிரான்ஸ்ஃபர்தான் வழி என்றால், எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்று படிவத்தில் குறியுங்கள். ஜூலை 15 வின்டர் செமஸ்டருக்குப் பொதுவாகச் சொல்லும் தேதி, மாஸ்டர்ஸ் பலவற்றுக்கு அதற்கு முன்பே மூடிவிடுவார்கள்.

தபால்பெட்டி
பணம், மார்க் எல்லாம் இருக்கட்டும். தபால்பெட்டியில் அப்பா பெயர் இல்லாததால் கடிதம் திரும்பிப் போனது தெரியுமா?

நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பா பெயர். அங்கே அரசாங்கக் கடிதமெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஒரு பையன் பெட்டியில் தன் பெயரை மட்டும் ஒட்டியிருந்தான். தபால்காரர் படிகளைக் கூட ஏறவில்லை, வரி எண் கடிதம் வந்த வழியே போய்விட்டது. இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஆன்மெல்டுங். குடியேறி இரண்டு வாரத்தில் முகவரியைப் பதியணும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் நடக்காது. "இங்கே பதிய முடியாது" என்று சொல்லும் ரூம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். விசாவுக்காகக் காட்டும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டிருப்போம், மாதம் 992 விடுவார்கள், ஆனால் அங்கே ஒரு சாதா கணக்கு திறந்த பிறகுதான். அதுவரை சாப்பாடு, அட்வான்ஸ் (மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம்), செமஸ்டர் கட்டணம் எல்லாம் தனிப்பணத்தில்தான்.

மூணாவது_தடவை
தபால்பெட்டி அண்ணா, கடிதம் மறுபடி வரும். மூன்றாம் முறை ஃபெயிலானால் படிப்பே வராது. கிளாஸில் பெயர் கொடுத்தால் போதாது, எக்ஸாமுக்குத் தனியாகப் பதியணும். பதிந்துவிட்டு மருத்துவச் சான்று இல்லாமல் போகாவிட்டால் 5.0, அதாவது ஃபெயில், அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கு. கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் பெரும்பாலான விதிகளில் பெயரை நீக்கிவிடுவார்கள்; அதே படிப்பை வேறு ஊர் யூனிவர்சிட்டியிலும் தொடர முடியாது. ஸ்கிரீனில் ஒரு வரிதான் வரும்.

கேட்கவில்லை என்றாலும் பிளஸ் டூ பெற்றோருக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் வைத்து நேரே பேச்சலர்ஸ் சேர முடியாது. ஸ்டூடியன்கொலெக் என்ற முன்தயாரிப்புப் படிப்பு ஒரு வருடம், அதில் சேர்வதற்கே நுழைவுத்தேர்வு, பெரும்பாலும் ஜெர்மனிலேயே. இன்ஜினியரிங் போகிறவருக்கு டி கோர்ஸ், மருத்துவம், உயிரியலுக்கு எம், வணிகத்துக்கு டபிள்யூ. தப்பான கோர்ஸில் சேர்ந்தால் பிறகு பாடம் மாற்ற முடியாது. முடிவில் இன்னொரு தேர்வு. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தால் தொழில்நுட்பப் படிப்புக்கு ஸ்டூடியன்கொலெக் தேவையில்லை. இங்கேயே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஒரு வருடம் அரியர் இல்லாமல் முடித்தாலும் அதே துறையில் நேரே போகலாம். கன்சல்டன்சிகள் இந்த வழியைக் கடைசியில்தான் சொல்வார்கள், சொன்னால். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேணும், 18,000 ரூபாய். 2022 நவம்பர் முதல் விசாவுக்கு அது கட்டாயம்.

பின்பக்கம்_பார்
அரியர் பற்றிச் சொன்னது சரி. "ஜெர்மனியில் ஃபீஸே இல்லை" என்பதையும் இனிமேல் முழுசாக நம்ப வேண்டாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் 2024 வின்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 அல்லது 6,000. அந்த 7.2 ஃபைல் மறுபடி போயிருக்கு, இந்தத் தடவை கடிதத்தோடு.