காவல் நிலையக் கேமராவுக்கு நிதி வருகிறது, பதிவைக் கேட்டால் ‘பழுது’ என்கிறார்கள்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி – தாமிரபரணிக் கரையோன்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்பு, இருசக்கர வாகனம் ஒன்று காணாமற்போன விவகாரத்தில் என் தம்பியை எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு மாலை ஆறு மணிக்கு அழைத்துச் சென்றார்கள். வழக்கு எதுவும் பதியாமல் நள்ளிரவுக்குப் பின்புதான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் இடது காதைப் பொத்திக்கொண்டு நின்றான், இன்றும் அந்தப் பக்கம் அவனுக்குச் சரியாகக் கேட்பதில்லை. அந்த இரவுக்கான கேமரா பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ‘தாங்கள் குறிப்பிடும் நாளில் சாதனம் பழுதடைந்திருந்தது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆனால் நிலைய வாசலில் ‘இவ்விடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது’ என்ற பலகை இருக்கிறது. எழுத்தர் அறை அலமாரியின் மேல் பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைத் தம்பியைத் தேடிப்போன நானே பார்த்தேன். காவல் துறை பொறுப்போடு நடக்க வேண்டும், மக்கள் அதை நம்ப வேண்டும் என்று சொல்லித்தானே இவற்றுக்கு அரசுப் பணம் ஒதுக்கப்படுகிறது? அந்தப் பணத்துக்கு யார் கணக்குச் சொல்வார்கள், நான் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – பழைய கணக்கர்

ஐயா, நான் காவல் துறை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் அமைச்சுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எனவே பணம் வரும் வழியை மட்டும் சொல்கிறேன். மாநிலக் காவல் படைகளை நவீனப்படுத்த ஒன்றிய அரசு உதவி நிதி தருகிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு இதற்காக அறிவிக்கப்பட்ட ஒன்றிய அரசின் பங்கு 4,846 கோடி ரூபாய். தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றியம் 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் ஏற்கின்றன. இது தவிர, மாநில அரசு தன் சொந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒதுக்குகிறது.

சிக்கல் தொகையின் அளவில் இல்லை, அது எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. வாங்குவதற்கு ஒரு தலைப்பு, பராமரிப்பதற்கு வேறொரு தலைப்பு. சாதனம் வாங்கிப் பொருத்தியாயிற்று என்றதும், பணம் உரிய வேலைக்குச் செலவாகிவிட்டது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்படும், அதோடு மேலே இருப்பவர்களின் கணக்கு நேராகிவிடும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க் போனால், அதை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் கேட்டு எழுதிய கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட கடிதங்களை நானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். நான்காம் நினைவூட்டலுக்கும் பதில் வராமல் கோப்பைக் கட்டி வைத்ததும் உண்டு.

எல்லாப் பழுதும் பணமில்லாமல் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்ட இரவின் பதிவு கிடைக்கவில்லை. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில், ஒரு டெராபைட் வட்டில் போதிய இடம் இருந்தும் அன்றாடப் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று குறிப்பிட்டார். அங்கே கேமரா, பெட்டி, வட்டு என எல்லாம் வாங்கப்பட்டிருந்தன. அந்த அமைப்பைத் திறந்து பார்ப்பது தன் வேலை என்று இருந்தவர் ஒருவரும் இல்லை.

பதில் 2 – மதுரை வழக்கறிஞர்

பெரியவர் சொன்னதோடு சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். 2020 டிசம்பர் 2 அன்று, காவல் நிலையக் கேமராக்கள் பற்றிப் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவே உங்களுக்குக் கைவிளக்கு. வாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என எந்த இடமும் விடுபடாமல் கேமரா இருக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம், அது இயலாத நிலையிலும் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இவற்றை மேற்பார்வையிடும் மாநிலக் குழுவில் உள்துறைச் செயலருடன் நிதித்துறைச் செயலரையும் உட்கார வைத்திருப்பதால், பணமில்லை என்ற பதில் வரக் கூடாது. மாவட்டக் குழுவில் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இருக்கிறார்கள். அக்குழு மாதந்தோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். புகார் வராத அத்துமீறல்கள் உண்டா என்று பதிவுகளைத் தானே பார்க்கவும் வேண்டும்.

உங்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி ஒன்று இருக்கிறது. கேமரா இயங்கவில்லை என்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி அதை உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அத்துடன், இயங்காத அந்தக் காலத்தில் அந்நிலையத்தில் நடந்த கைதுகள், விசாரணைகள் பற்றிய விவரத்தையும் அனுப்பியாக வேண்டும். ஆகவே பதிவைத் திரும்பக் கேட்காதீர்கள், பழுதைத் தெரிவித்த அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கடிதம் இருந்தால் உங்கள் தம்பியின் பெயர் அதில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால், ஒன்று கேமரா அன்று இயங்கியிருக்கிறது, அல்லது உத்தரவு மீறப்பட்டிருக்கிறது. இரண்டில் எதற்கும் அவர்கள் விளக்கம் சொல்லியே தீர வேண்டும்.

கூடவே, அந்த நாளின் பதிவையும் பெட்டியிலுள்ள வட்டையும் அழியாமல் பாதுகாக்கும்படி கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் இன்றே எழுதுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். பதிவை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கும் மனித உரிமை நீதிமன்றத்துக்கும் உண்டு. காது பரிசோதனையை அரசு மருத்துவமனையில் செய்து சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 – மாலை வகுப்பு ஆசிரியை

காவல் துறை பிள்ளைகளுக்காக நடத்தும் எங்கள் பகுதியின் காவல் சிறார் மன்றத்தில் நான் மாலை நேரப் பாடம் எடுக்கிறேன். அரசு நிதியில் கேரம் பலகையும் புத்தகங்களும் வந்தன, பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு வருகிறார்கள். ஆனால் அண்ணனை நிலையத்தில் அடித்தார்கள் என்று ஒரு சிறுவன் சொன்ன வாரத்தில் மன்றத்துக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். நம்பிக்கைக்கு ஒரு நிதி, பொறுப்புடைமைக்கு ஒரு நிதி என்று தாளில் பிரித்து வைத்திருக்கிறார்கள், அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து நிலையத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்ற கணக்கில் நாடெங்கும் மகளிர் உதவி மேசைகளுக்கு ஒதுக்கினார்கள். நான் போன ஒரு நிலையத்தில் மேசை பளபளவென்று இருந்தது, அதில் அமர வேண்டிய பெண் காவலர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு ஆளைப் போடாமல் மேசையை மட்டும் போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி பத்து ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டிப் புதிய மனு எழுதினேன். பழுதைத் தெரிவித்த கடிதம், அதனுடன் சென்ற கைது மற்றும் விசாரணை விவரம், மாவட்டக் குழுவின் கடந்த மூன்று மாத அறிக்கைகள் ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். பெரியவர் சொன்னதை வைத்து, பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதி வரை நடப்பில் உள்ளது என்பதையும் சேர்த்தேன். வட்டைப் பாதுகாக்கக் கோரும் கடிதத்தை எஸ்.பி. அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிவிட்டேன். தம்பி வாசலிலேயே நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான். பதில் வந்ததும் இங்கேயே பதிகிறேன்.