பெரியம்மா போனும் அஞ்சு மணி அலாரமும்

குரூப்: நம்ம வீட்டு ஆளுங்க

சனிக்கிழமை

பெரியம்மா, காலை 7:52
நேத்து ராத்திரி யாரெல்லாம் மெசேஜ் போட்டீங்களோ தெரியல, இப்ப வாட்ஸ்அப்ப திறந்ததும் மொத்தமா 64 வந்து விழுது, திறந்தாதான் வருது திறக்கலன்னா ஒண்ணுமே வர்றதில்ல. 5 மணி அலாரமும் அடிக்கல. மூணு மாசமா இதே கதைதான்

சித்தி, 7:58
அக்கா நான் ராத்திரி வாட்ஸ்அப்ல ரெண்டு தடவ கூப்பிட்டேன், ரிங்கே போகல. மெசேஜும் ஒத்த டிக்லயே நின்னுச்சு. என் மேல ஏதோ கோவம்னு நெனச்சு தூங்கவே இல்ல

பெரியம்மா, 8:01
உன் மேல எனக்கென்னடி கோவம். போனுக்குத்தான் என் மேல கோவம். சும்மா டேபிள் மேல கெடக்கும்போதே விளம்பரம் வந்து முழுசா நிக்குது, மூடுற எக்ஸ் எங்க இருக்குன்னு கண்ணாடி போட்டு தேட வேண்டியிருக்கு

மாமா, 8:04
அக்கா அதத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு. 2019ல வாங்குனது. இன்னும் அதக் கட்டிக்கிட்டு அழற

பெரியப்பா, 8:09
போன்ல ஒரு குறையும் இல்ல. நானே தினம் ராத்திரி க்ளீன் பண்ணிக் குடுக்குறேன். நேத்துகூட 1.2 ஜிபி குப்பை எடுத்தேன்

மாமா, 8:10
குப்பை எடுத்த லட்சணம்தான் தெரியுதே அத்தான்

பெரியப்பா, 8:12
மாப்ள இதெல்லாம் கம்பெனிக்காரன் வேல. பழசானா வேணும்னே ஸ்லோ ஆக்குறான். அப்பதான நாம புதுசுக்கு ஓடுவோம்

நான், 8:20
பெரியப்பா அது முழுப் பொய்யும் இல்ல முழு உண்மையும் இல்ல. 2017 டிசம்பர்ல ஆப்பிள் ஒத்துக்கிட்டாங்க, பேட்டரி பழசான ஐபோன்ல வேகத்த குறைச்சோம், திடீர்னு அணைஞ்சு போகாம இருக்கத்தான்னு சொன்னாங்க. ஆனா புது பேட்டரி போட்டவங்களுக்கு வேகம் திரும்ப வந்துச்சு. அதனால போன் ஸ்லோ ஆனாலே சதின்னு சொல்லிட முடியாது. பெரியம்மா, செட்டிங்ஸ்ல அபவுட் போன் போய் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்க, ஸ்டோரேஜ் பக்கத்தையும் போடுங்க

பெரியம்மா, 8:41
(படம்)
(படம்)
இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது
(படம்)

நான், 8:46
பாத்தேன். ஆண்ட்ராய்டு 10, கடைசி செக்யூரிட்டி பேட்ச், அதான் பாதுகாப்பு ஓட்டைய அடைக்குற அப்டேட், 2021 ஆகஸ்ட். 32 ஜிபில 31க்கு மேல ரொம்பிப் போச்சு. இதுல ரெண்டு வியாதி கலந்து இருக்கு, தனித்தனியா பாக்கணும். மெதுவா ஓடுறது ஸ்டோரேஜ் நெறஞ்சதால, மெமரி சிப்ல எழுதுறதுக்கு முன்னாடி காலி இடம் வேணும், இடமே இல்லன்னா இருக்கறத நகத்தி நகத்தி இடம் பண்ணிட்டுதான் எழுதும், அதான் கேமரா திறக்கவே அவ்ளோ நேரம். ஆனா அலாரம் அடிக்காததுக்கும் விளம்பரம் வர்றதுக்கும் அது காரணம் இல்ல, அது வேற ஏதோ ஒரு ஆப் செய்யற வேல மாதிரி இருக்கு. சேஃப் மோட்ல, அதாவது நாம போட்ட ஆப் எதுவும் ஓடாதபடி, போட்டுப் பாக்கலாம்

மாமா, 8:48
ஆமா 67 வயசுல அக்காவுக்கு சேஃப் மோட் சொல்லிக் குடு. புது போன் வாங்குனா எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுது

அக்கா (பெரியம்மா பொண்ணு), 8:55
மாமா உங்களுக்கு எல்லாத்துக்கும் மருந்து புது போன்தான். 2021 மார்ச் ஞாபகம் இருக்கா, எல்லார் போன்லயும் ஜிமெயில் எல்லாம் திறந்த உடனே படக்குனு மூடிக்கிச்சே, அன்னிக்கே புது போன் ஆர்டர் போட உக்காந்தீங்க

மாமா, 8:56
அது வேற

அக்கா, 8:58
ஒண்ணும் வேற இல்ல. ஆண்ட்ராய்டு வெப்வியூன்னு ஒண்ணு, ஆப்புக்குள்ள வெப் பக்கம் காட்டுறது, அதுல வந்த கோளாறு. அதையும் க்ரோமையும் ப்ளே ஸ்டோர்ல அப்டேட் பண்ணதும் சரியாச்சு. நான்தான் உங்களுக்குப் போன்ல பேசி பேசி பண்ண வெச்சேன்

சித்தி, 9:02
இப்ப அக்கா போனுக்கு என்ன பண்றதுன்னு சொல்லுங்கப்பா

நான், 9:15
வாங்கறதே தப்புன்னு நான் சொல்லல சித்தி. பேட்ச் நின்னு போன போன்ல பேங்க் ஆப் வெச்சிருக்கறது எனக்கே பயமா இருக்கு. வாங்குறதுன்னா கேமரா எத்தனன்னு எண்ணாதீங்க, எத்தன வருஷம் அப்டேட் தருவான்னு பாருங்க. 2023ல வந்த பிக்சல் 8க்கு 7 வருஷம்னு கூகுள் சொன்னாங்க, அடுத்த வருஷம் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் அதையே சொன்னாங்க. எல்லா மாடலுக்கும் இது கெடையாது, மாடலுக்கு மாடல் மாறும். ஸ்டோரேஜ் 128க்குக் கீழ வேண்டாம். ஆனா மொதல்ல நோய் என்னன்னு பாத்துட்டு வாங்குங்க, இல்லன்னா அதுவும் கூடவே குடி வந்துரும்

மாமா, 9:17
நோய் நொடின்னுட்டு. நான் நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன், முடிச்சுட்டு வரேன்

பெரியப்பா, 9:30
என்ன கேக்காமலே முடிவு பண்ணியாச்சு. நல்லது

ஞாயிற்றுக்கிழமை

மாமா, மதியம் 12:20
போன் வந்தாச்சு. 256 ஜிபி. அக்கா மொகத்தப் பாக்கணுமே
(படம்)

சித்தி, 12:22
அக்கா சூப்பர்

நான், 12:24
மாமா வாட்ஸ்அப்ப மொதல்ல பழைய போன்ல பேக்கப் எடுங்க. பேக்கப் இப்பல்லாம் கூகுள் அக்கவுண்டோட 15 ஜிபி கணக்குல சேருது, அங்க இடம் இருக்கான்னு பாத்துக்கோங்க. இல்லன்னா சாட் ட்ரான்ஸ்ஃபர்னு இருக்கு, ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சு க்யூஆர் காட்டுனா நேரா போயிடும், ரெண்டும் ஆண்ட்ராய்டுதான அதனால பிரச்சன இல்ல. அப்புறம் ஆப் எல்லாத்தையும் அப்படியே இழுத்துட்டு வராதீங்க, டிக் எடுத்துட்டு வேணுங்கறத மட்டும் புதுசா போடுங்க

மாமா, 12:51
கேபிள் போட்டு இழுத்தாச்சு. 94 ஆப்பும் ஒரே அமுக்குல வந்துருச்சு

நான், 12:52
மாமா!!

மாமா, 12:53
எல்லாம் இருந்தாத்தான் அக்காவுக்குப் பழகும். நீ சும்மா இரு

நான், 12:55
சரி பழைய போன ஒரு பத்து நாளைக்கு அழிக்காதீங்க. பேங்க் ஆப், மெயில், ஓடிபி எல்லாம் புதுசுல ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு அப்புறம் ரீசெட். ரீசெட் பண்றதுக்கு முன்னாடி கூகுள் அக்கவுண்ட வெளிய எடுக்கணும், எடுக்காம பட்டன் அமுக்கி அழிச்சா திரும்ப ஆன் பண்ணும்போது பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்ட் கேட்டு நிக்கும், பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இருக்காது

பெரியம்மா, 3:10
நல்லா வேகமா இருக்கு. தொட்டா திறக்குது. எல்லாருக்கும் நன்றி. ஏதேதோ அனுமதி கேட்டுச்சு எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிட்டேன்

நான், 3:11
எதுக்கு அனுமதி கேட்டுச்சு பெரியம்மா?

பெரியம்மா, 3:40
அது யாருக்கு ஞாபகம் இருக்கு

செவ்வாய்க்கிழமை

பெரியம்மா, காலை 8:05
அலாரம் அடிக்கல

சித்தி, 8:06
புது போன்லயா????

பெரியம்மா, 8:09
புது போன்லதான். விளம்பரமும் வந்துருச்சு, இப்ப ஸ்க்ரீன் பெருசா இருக்கறதால அதுவும் பெருசா வருது

அக்கா, 8:10
ஹாஹாஹா அம்மா சாரி சிரிச்சுட்டேன்

மாமா, 8:14
அப்ப பீஸ்லயே ஏதோ கோளாறு. திருப்பிக் குடுத்துரலாம்

நான், 8:20
திருப்பியெல்லாம் குடுக்க வேண்டாம் மாமா, அந்த போன் என்ன பாவம் பண்ணுச்சு. ரெண்டு போன்ல ஒரே கோளாறுன்னா ரெண்டுலயும் பொதுவா இருக்கற எதுவோ ஒண்ணுதான் காரணம், நீங்க இழுத்துட்டு வந்த 94ல ஒண்ணு. பெரியம்மா இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. அடுத்த தடவ விளம்பரம் வரும்போது மூடாதீங்க. கீழ சதுரமா ஒரு பட்டன் இருக்குல்ல, அதத் தொடுங்க, திறந்து கெடக்குற ஆப் எல்லாம் வரிசையா வரும், மொதல்ல நிக்குறது யாருன்னு பாருங்க

பெரியம்மா, 8:22
எனக்கு சதுரம் இல்ல கோடுதான் இருக்கு

நான், 8:23
அப்ப கீழருந்து மேல இழுத்து நடுவுல விரல எடுக்காம நிறுத்துங்க

பெரியம்மா, 9:47
வந்துச்சு. நீலக் கலர்ல துடப்பம் போட்ட படம்

நான், 9:48
துடப்பமா

அக்கா, 9:48
அது ஏதோ போன் க்ளீனர்

சித்தி, 9:49
அக்கா நீயா போட்ட

பெரியம்மா, 9:50
எனக்கெதுக்கு துடப்பம், வீட்டுல இருக்கறதே போதும்

மாமா, 9:53
.....அத்தான்?

நான், 9:58
உறுதி பண்ணிடலாம். பவர் பட்டன் அமுக்குனா பவர் ஆஃப்னு வருதுல்ல, அந்தப் பவர் ஆஃப் மேலயே விரல வெச்சு அமுக்கிப் பிடிங்க, சேஃப் மோட்னு கேக்கும், சரின்னு சொல்லுங்க. அதுல நாம போட்ட ஆப் எதுவும் ஓடாது, போனோட வந்தது மட்டும்தான் ஓடும். ஒரு மணி நேரம் அப்படியே வெச்சிருங்க. வாட்ஸ்அப் வராது, பயப்படாதீங்க, எதுவும் அழியாது. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி வந்துரும்

பெரியம்மா, 11:20
ஒரு மணி நேரத்துக்கு மேலயே வெச்சேன். ஒரு விளம்பரமும் வரல. பேரன் ஸ்கூல் லீவு, அவன்தான் பண்ணிக் குடுத்தான்

அக்கா, 11:24
அவன விட்டு அந்த க்ளீனருக்கு என்னென்ன அனுமதி இருக்குன்னு பாக்கச் சொன்னேன். மத்த ஆப் மேல வந்து நிக்கறதுக்கு அனுமதி இருக்கு. ஆக்சஸிபிலிட்டியும் ஆன்ல இருக்கு

நான், 11:37
அவ்ளோதான், கதை முடிஞ்சுது. விளம்பரம் எங்கிருந்து வந்துச்சுன்னு அந்த மொத அனுமதியே சொல்லிருச்சு. ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து, ஆக்சஸிபிலிட்டின்னா கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீன்ல இருக்கறதப் படிச்சுச் சொல்றதுக்கும் அவங்களுக்காக பட்டன் அமுக்குறதுக்கும் வெச்ச வசதி, அத ஒரு ஆப்புக்குக் குடுத்தா நம்ம ஸ்க்ரீன்ல இருக்கற எல்லாத்தையும் அதால படிக்க முடியும், நமக்குப் பதிலா அமுக்கவும் முடியும். இந்த மாதிரி க்ளீனர் பூஸ்டர் எல்லாம் அத வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆப்பா போய் ஃபோர்ஸ் ஸ்டாப் (ஆப்ப முழுசா நிறுத்துற பட்டன்) அமுக்கும், அமுக்கிட்டு "வேகப்படுத்திட்டேன்"னு பச்சை டிக் காட்டும். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப் போட்டு வெச்ச அலாரமெல்லாம் ரத்து ஆயிடும், நாமளா திரும்ப திறக்குற வரைக்கும் மெசேஜும் வராது. அதான் பெரியம்மா திறந்தா மட்டும் வந்துச்சு, சித்தி கால் ரிங் போகல, ஒத்த டிக்ல நின்னுச்சு, க்ளாக் ஆப் செத்துக் கெடந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே ஆளு

சித்தி, 11:40
அப்ப என் தூக்கம் கெட்டதுக்கும் அந்த துடப்பம்தான் காரணம்

பெரியப்பா, 11:58
ஆரம்பத்துல போன் மெதுவாத்தான் இருந்துச்சு. உதவலாம்னுதான் போட்டேன். நாலரை ஸ்டார் இருந்துச்சு

மாமா, 11:59
தினம் ராத்திரி க்ளீன் பண்ணிக் குடுக்குறேன்னு சொன்னீங்களே அத்தான்

பெரியப்பா, 12:01
ஆமா. படுக்கறதுக்கு முன்னாடி

அக்கா, 12:02
அதான் அப்பா, நீங்க ராத்திரி அமுக்குறீங்க, அம்மாவுக்கு காலைல அலாரம் அடிக்க மாட்டேங்குது

பெரியம்மா, 12:05
மூணு மாசமா நடைப் பயிற்சிக்கு லேட்டா போறேன். கூட வர்றவங்க எல்லாம் என்னைச் சோம்பேறின்னாங்க

பெரியப்பா, 12:06
நேர்ல பேசிக்கலாம்

நான், 12:10
பெரியப்பா நீங்க வருத்தப்படாதீங்க, மெதுவா ஓடுனது நெஜம்தான, அதுக்கு மருந்து தேடுனீங்க. ஆண்ட்ராய்டு மெமரிய தானே பாத்துக்கும், பின்னாடி நிக்குற ஆப்ப நாம கொன்னா அடுத்த நிமிஷம் அது மறுபடி முதல்லேருந்து எழுந்திரிக்கணும், பேட்டரிதான் போகும். இடம் வேணும்னா வாட்ஸ்அப்லயே ஸ்டோரேஜ் மேனேஜ்னு இருக்கு, அதுல பெரிய வீடியோ எல்லாம் மேலயே நிக்கும்

அக்கா, 12:12
அதுல பாதி அப்பா ஃபார்வேர்ட் பண்ண வீடியோவாத்தான் இருக்கும்

பெரியப்பா, 12:13
இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது

மாமா, 12:20
அப்ப புது போன் வாங்குனது வேஸ்ட்டா

நான், 12:26
வேஸ்ட் இல்ல மாமா. ஸ்டோரேஜ், பேட்ச், ரெண்டுக்கும் புதுசுதான் வழி. ஆனா இந்த அலாரத்துக்காகன்னு கேட்டா ரெண்டு நிமிஷ வேலதான், அன்னிக்கே பாத்துருக்கலாம்

மாமா, 12:27
எனக்குத் தெரியும் நீ இதச் சொல்லுவன்னு

அக்கா, 1:05
பையன் துடப்பத்தத் தூக்கிட்டான். ஆக்சஸிபிலிட்டிய மொதல்ல ஆஃப் பண்ணிட்டுத்தான் அன்இன்ஸ்டால் பண்ணான். பழைய போன்லயும் எடுத்துட்டான், க்ளாக் ஆப்ப ஒரு தடவ திறந்தும் விட்டானாம். அந்த போன அம்மா பீரோல சார்ஜோட வெச்சிருக்காங்களாம்

நான், 1:06
நல்ல பையன். ஜிமெயில் பாஸ்வேர்டையும் பேங்க் பாஸ்வேர்டையும் மாத்திருங்க, அத்தன நாள் ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டு இருந்த ஆப், என்ன எடுத்துச்சு என்ன எடுக்கலன்னு சொல்ல முடியாது

புதன்கிழமை

பெரியம்மா, காலை 5:01
அடிச்சுது!!!!!

சித்தி, 5:02
அக்கா நீ என்ன எழுப்பிட்ட

பெரியம்மா, 5:03
நீயும் வா நடக்கப் போலாம்

பெரியப்பா, 5:09
இங்க இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கு. புது போன அவ அமத்திட்டுக் கெளம்பிட்டா. சத்தம் பீரோக்குள்ளருந்து வருது. சாவி அவகிட்ட