மூன்று துறைகளில் எழுதும் பயன்முறைக் கணிதவியலரை வழிகாட்டியாகக் கொள்ளலாமா?

கேள்வி (ஆய்வு மாணவி):
முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். நான் அணுக நினைக்கும் பயன்முறைக் கணிதப் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலில் கணினி நெறிமுறைகள் (அல்காரிதங்கள்), கட்டுமான அதிர்வு, தேர்வு மதிப்பீடு என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று பொருள்கள் இருக்கின்றன. அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். இத்தகைய ஆய்வில் ஆழம் உண்டா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி (அணிக்கோவை):
துறையின் பெயர்களை ஒதுக்கிவிட்டு, கட்டுரைகளுக்குள் இருக்கும் சமன்பாடுகளைப் பாருங்கள். x + y = 2, x + 1.0001y = 2.0001 ஆகிய இரண்டுக்கும் தீர்வு x = 1, y = 1. வலப்பக்கத்து 2.0001 என்பதை 2.0002 ஆக்கினால், தீர்வு x = 0, y = 2 என்று எங்கோ போய்விடுகிறது. இரண்டு சமன்பாடுகளும் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொல்வதுதான் காரணம். கணினியில் இந்தச் சிறு மாற்றம், எண்களைச் சில இலக்கங்களோடு நிறுத்தித் தோராயமாக்கும்போது நேர்கிறது. அதனால் தீர்வு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதை அளக்கும் வழியைக் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1948இலேயே எழுதினார். பாலத்தில் அதிர்வை அளக்கும் இரண்டு உணரிகளை அருகருகே பொருத்தினாலும், வினாத்தாளில் இரு திறன்களையும் எப்போதும் சேர்த்தே சோதிக்கும் வினாக்களை வைத்தாலும் இதே சிக்கல்தான் எழும்: எந்த அதிர்வு எவ்வளவு, எந்தத் திறன் எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. உங்கள் பேராசிரியரின் மூன்று வகைக் கட்டுரைகளிலும் இந்த ஒரே கேள்வி ஓடுகிறதென்றால், அவர் ஒரே நிலத்தைத்தான் ஆழ உழுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (எண்முறை):
மேலே சொன்னதை ஏற்கிறேன். கற்பித்தலிலிருந்தே பிற துறைகளுக்கு வழி திறந்ததும் உண்டு. கணிதவியலர் கிளீவ் மோலர் 1970களின் இறுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதாமலேயே அணி (மேட்ரிக்ஸ்) கணக்குகளைச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே மாட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் முதல் வடிவத்தை எழுதினார். அடுத்து ஸ்டான்ஃபோர்டில் அதைக் கொண்டு பாடம் நடத்தியபோது, கணித மாணவர்களைவிடக் கட்டுப்பாட்டுப் பொறியியலும் குறிகைச் செயலாக்கமும் படித்தவர்களே அதை விரும்பி ஏற்றார்கள். வகுப்பறைக்காகச் செய்த கருவி பொறியியலாளரின் மேசைக்குப் போனது.

மறுமொழி (அளவையியல்):
கல்விப் பகுதியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. டென்மார்க் கணிதவியலர் ராஷ் 1960இல் வெளியிட்ட கணித மாதிரி, மாணவரின் திறனுக்கும் வினாவின் கடினத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு சரியான விடை வருவதற்கான நிகழ்தகவைத் தருகிறது. கணிதம் எளிமையானது, அழகானது. ஆனால் எல்லா வினாக்களும் ஒரே திறனை அளக்கின்றன என்பது அதன் அடிப்படை எடுகோள். ஒரு கணக்கு வினா நீண்ட பத்தியாக எழுதப்பட்டிருந்தால், அது வாசிப்புத் திறனையும் சேர்த்தே அளந்துவிடும். எஃகின் மீட்சிக் கெழுவை (விசைக்கு எவ்வளவு நீளும் என்பதைக் காட்டும் எண்ணை) ஆய்வகத்தில் அளந்து சரிபார்க்கலாம். மாணவரின் திறனை அப்படி நேரடியாக அளக்க வழியில்லை. ஆகவே அந்தக் கட்டுரைகளில் ஆசிரியர்களோ கல்வியியலாளர்களோ இணையாசிரியர்களாக இருக்கிறார்களா, மாதிரி தரவோடு பொருந்தாத இடங்களை வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அதிர்வுக் கட்டுரையிலும் மதிப்பீட்டுக் கட்டுரையிலும், கிட்டத்தட்ட ஒரே செய்தியைத் தரும் அளவீடுகளை நீக்கும் ஒரே நெறிமுறைதான் இருக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். மதிப்பீட்டுக் கட்டுரையில் கல்வியியலாளர் எவரும் இல்லை. நேரில் சந்திக்கும்போது அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.