புதுப்பிப்பு: எங்கள் லயத்து ஜெப அறை

இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தின் (தொழிலாளரின் வரிசை வீடுகளின்) கோடியிலுள்ள தகரக் கூரை ஜெப அறையை மூடாவிட்டால் உடைத்துவிடுவோம் என்று சிலர் மிரட்டியதைச் சென்ற மாதம் எழுதி, ஜெபிக்கும்படி கேட்டிருந்தேன். அதன் பின் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறை உடைக்கப்படவில்லை, ஆனால் பயம் உடனே நீங்கிவிடவும் இல்லை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே ஜெபத்துக்கு வரும் அக்காமார், கதவோரத்தில் நிழலாடினால் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்நாட்களில் 56ஆம் சங்கீதமே எங்களைத் தாங்கியது. தம்மைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பியோடி, பெலிஸ்தரின் காத் ஊரில் பிடிபட்ட தாவீதின் ஜெபம் அது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்றுதான் அவர் சொல்கிறார். பயமே அறியாதவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. அதே காத்தில் உயிர் தப்புவதற்காக அவர் பித்தனைப்போல நடித்ததையும் வேதம் மறைக்கவில்லை. ஆகவே, வழிபாட்டுச் சுதந்திரத்தை நம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரஜைக்கும் அளித்திருக்கையில், நாங்கள் பொலிஸில் முறைப்பாடு செய்ததை விசுவாசக் குறைவு என்று சிலர் கூறியதை என்னால் ஏற்க முடியவில்லை.

எவரும் எதிர்பாராத விதமாக, மாரியம்மன் கோயில் பெரியவரே தோட்டத் தலைவர்மாரைக் கூட்டி எங்களுக்காகப் பேசினார். கர்த்தர் அனுப்பிய உதவி என்றே அதை நான் நம்புகிறேன். அந்த ஐயாவுக்கு எங்கள் நன்றி என்றும் உண்டு.

எழுத்துமூல அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. நிர்வாகத்தின் பதில் வரும்வரை தொடர்ந்து ஜெபியுங்கள்.