இரட்டை ஐபிஏ பீர் 1.038 அடர்த்தியில் நின்றுவிட்டது, மீண்டும் ஈஸ்ட் சேர்க்கலாமா?

கேள்வி (சியாட்டிலிலிருந்து)
வணக்கம். வீட்டில் நான் காய்ச்சும் நான்காவது பீர் இது; இரட்டை ஐபிஏ (ஹாப்ஸும் மதுவும் மிகுந்த பீர்) இதுதான் முதல் முறை. 5 கேலன், அதாவது 19 லிட்டர். வெளிர் பார்லி மால்ட்டுடன் அரைக் கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை. கொதியில் சென்டென்னியல், இறக்கும்போது சிட்ராவும் சிம்கோவும்; மூன்றும் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ வகைகள். தொடக்க அடர்த்தி 1.080 (தண்ணீர் 1.000; சர்க்கரை கூடினால் ஏறும்), அதாவது 19.3 பிரிக்ஸ் (சர்க்கரை சதவீதம்). யுஎஸ்-05 ஈஸ்ட் இரண்டு பாக்கெட், 19 டிகிரி செல்சியஸ்.

முதல் மூன்று நாள் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) வழியே நுரை பொங்கி வழிந்தது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு குமிழி இல்லை. இன்று பன்னிரண்டாம் நாள்; 9.5 பிரிக்ஸ், அட்டவணைப்படி 1.038. மூன்று நாளாக இதே அளவுதான். 1.014 வரை இறங்க வேண்டும். இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போட்டுக் கிளறிவிடலாமா? நொதித்த பிறகு மணத்துக்காகப் போட யாக்கிமாவிலிருந்து வாங்கிவந்த 170 கிராம் ஹாப்ஸ் ஃப்ரீசரில் காத்திருக்கிறது. கெட்டுவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

பதில் 1
ஈஸ்ட் சோர்ந்திருக்கும். 21 டிகிரிக்குச் சூடாக்கி, கலத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

பதில் 2
தம்பி, தயவுசெய்து கிளறாதீர்கள். ஹாப்ஸ் மிகுந்த பீருக்குக் காற்றைப் போல் பகை வேறில்லை. நான் ஒருமுறை கிளறியதில் பொன்னிறம் பழுத்த இலை நிறமாகிவிட்டது. மாம்பழ வாசனை போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. அளந்தது எதில்? ரிஃப்ராக்டோமீட்டரா?

கேட்டவர்
ஆமாம் அண்ணா. இரண்டு சொட்டு போதும் என்பதால் அதையே பயன்படுத்துகிறேன்.

பதில் 2
சிக்கல் அங்கேதான். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடும் கருவி அது. நொதித்த பிறகு மதுவும் ஒளியை வளைப்பதால் அளவைக் கூட்டிக் காட்டும். 19.3-இல் தொடங்கி 9.5-க்கு வந்திருந்தால், திருத்தக் கணக்குப்படி ஏறக்குறைய 1.015. உங்கள் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்றே நினைக்கிறேன். பீரில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒருமுறை பாருங்கள்.

கேட்டவர்
பார்த்துவிட்டேன்! முதலில் 1.019 காட்டியது. தண்டில் குமிழிகள் ஒட்டி மேலே தூக்கியிருந்தன. விரலால் சுழற்றிவிட்டதும் 1.015-இல் நின்றது. ஹாப்ஸைப் போட்டு, நான்காம் நாள் பாட்டிலில் அடைக்கலாமா?

பதில் 2
போடுங்கள், மூடியை உடனே மூடிவிடுங்கள். அடைக்க மட்டும் அவசரப்படாதீர்கள். ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரையை ஹாப்ஸில் உள்ள நொதிகள் உடைத்துக் கொடுக்கும். நொதித்தல் மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே அளவு வர வேண்டும். நொதித்தல் இன்னும் முடியவில்லை என்று காட்டும் வெண்ணெய் வாசனையும் இருக்கக் கூடாது.

கேட்டவர்
நான்காம் நாள் 1.013, நீங்கள் சொன்ன வெண்ணெய் வாசனை லேசாக இருந்தது. ஏழாம் நாள் 1.012, பத்தாம் நாளும் 1.012. வாசனையும் போய்விட்டது. இன்று காலை அடைத்துவிட்டேன் அண்ணா. மிக்க நன்றி.